அறை காலி என்று காட்டிய திரை

சங்கரேஸ்வரி இறந்த செய்தி அவளுடைய போனிலிருந்தே எனக்கு வந்தது.

விருதுநகரில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. வெள்ளைப் புகை, கருவேலங்காட்டுக்குள் ஓடும் பெண்கள், தலையில் அடித்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடும் ஒரு கிழவர். நுழைவாயில் வளைவைப் பார்த்ததும் எந்த ஆலை என்று தெரிந்துவிட்டது. எங்கள் செயலி ஓடும் ஆலை. சங்கரி காலையில் அங்கேதான் போயிருந்தாள். திரும்பத் திரும்ப அழைத்தேன். கடைசியில் ஓர் ஆண் குரல் எடுத்தது.

"வாட்ச்மேன் கருப்பசாமி பேசுறேன். போனை எல்லாம் கேட்டுலயே வாங்கி வச்சிருவோம்ல தம்பி. அந்தப் புள்ள போனு எங்கிட்டதான் இருக்கு."

"அவ எங்கண்ணே?"

"உள்ள போனவ வெளிய வரல. நானும் சொல்லிப் பாக்குறேன், ஒருத்தனும் காது குடுக்க மாட்டேங்குறான். முதலாளி போனைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு. ஏழாம் ரூம்ல யாருமே இல்லைன்னு அதுல காட்டுதாம்."

என் மேசையிலும் அதே திரை திறந்திருந்தது. ஏழாம் அறைக்கு நேராகப் பச்சை. அதன் மேல் 'காலி' என்று தமிழில் எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு நன்றாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டமே நடந்தது.

அவளைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இடது பக்கம் நின்று பேசினால் தோளைப் பிடித்து வலது பக்கம் இழுத்து நிறுத்துகிறவள் என்று சிலருக்கு அவளைத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய வேலையிலும் குற்றம் கண்டுபிடிப்பவள் என்று சிலருக்குத் தெரியும். குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மென்பொருளை எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் அதை அடித்து, நசுக்கி, எங்கே உடைகிறது என்று பார்க்கும் சோதனையாளர் அவள். நான் வாடிக்கையாளருக்குத் தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுகிறவன். அவள் உடைத்ததை நான் எழுத வேண்டும். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அந்தச் செயலி என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறையும் தனிக் கட்டடம். மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஏற்பாட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அறைக்கு வெளியே கல்தூணில் ஒரு சிறு கருவி. போகும்போதும் வரும்போதும் அட்டையை அதில் காட்ட வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர் என்று முதலாளியின் போனில் தெரியும். ஐந்தாவது அட்டை நுழைந்தால் கருவி அலறும். வெடி விபத்து நடந்தால், உள்ளே யாரைத் தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். ஆலைக்குப் போனது இதன் பீட்டா, அதாவது முற்றுப்பெறாத சோதனைப் பதிப்பு.

அதன் முதல் வடிவம் அலுவலகத்துக்கு வந்த அன்று எல்லோரும் கைதட்டினோம். சங்கரி அதை ஒரு போனில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் அம்மா பாண்டியம்மாள் பேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து உருட்டும் வேலையில் இருந்தார். மறுநாள் சங்கரி அந்தப் போனைக் கொண்டுவந்து எங்கள் நிறுவனத்தை நடத்தும் விக்னேஷின் மேசையில் வைத்தாள். திரை முழுக்க வெள்ளியாக அலுமினியப் பொடி. ரேகை ரேகையாக விரல் தேய்த்த தடம்.

"எங்கம்மா முக்கால் மணி நேரம் தேச்சுச்சு சார். ஒரு பட்டன் கூட எடுக்கல."

"கையைக் கழுவிட்டுத் தொடச் சொல்லும்மா."

"கழுவுனாப் போற மருந்துன்னா நாங்க சோத்தோட திங்க மாட்டோம்ல. அம்மா கை அப்படித்தான் இருக்கும். உங்க ஆப்தான் மாறணும்."

தொழிலாளி திரையைத் தொடவே வேண்டாம், அட்டை போதும் என்று முடிவானது அந்த வெள்ளிப் பொடியால்தான். அவள் வென்ற சண்டை அது ஒன்றுதான்.

அவளுக்கு ஏன் இந்தச் செயலி மேல் அவ்வளவு வெறி என்று கேட்டவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விடுமுறை நாளொன்றில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறாள். ஆலை வாசலில் நிற்கும்போது வெடித்தது. இடது காது அன்று போனது. சுவர் வந்து முதுகில் விழுந்தது போல இருந்தது என்பாள். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஆலைக்காரனுக்கே தெரியவில்லை. உள்குத்தகைக்காரன் அன்று காலை யார் யாரையோ கூட்டிவந்திருந்தான். கூரைத் தகரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். இருட்டியதும், இவ்வளவுதான் என்று அவர்களே ஓர் எண்ணிக்கையை முடிவுசெய்துகொண்டு நிறுத்திவிட்டார்கள். அவள் அப்பா மறுநாள்தான் கிடைத்தார். அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் சொன்னார்கள். இதை அவள் அழுது சொல்லி நான் பார்த்ததில்லை. மதியம் என்ன சாப்பிட்டாள் என்று சொல்கிற குரலில்தான் சொல்வாள்.

ஆலைக்குச் செயலியைக் கொடுக்கும் முன் நான் எழுத வேண்டியிருந்த குறிப்புக்குத் தலைப்பு, 'சோதனைப் பதிப்பில் என்ன எதிர்பார்க்கலாம்'. ஆங்கிலத்தில் வந்த மாதிரியை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தேன். சங்கரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே, இது பொய் சொல்லும்னு எழுது. மொத வரியிலயே எழுது."

"அப்படியெல்லாம் எழுத முடியாது சங்கரி."

"ஏன், உண்மைக்குத் தமிழ் இல்லையா? எழுதுலே. எந்த நேரமும் நின்னு போகும். நின்னாப் பயப்படாதீக, எங்களைக் கூப்பிடுங்க. நிக்காம தப்பா ஓடும் பாருங்க, அப்பத்தான் பயப்படணும். இன்னைக்கு இருக்குற பட்டன் நாளைக்கு இருக்காது. ஏத்தி வச்ச பேரு காணாமப் போகும். உங்களுக்கு வேணுங்குறதுல பாதி இன்னும் செய்யவே இல்ல. எங்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உங்க கண்ணுக்குத் தெரியும்னுதான் குடுக்குறோம். தெரிஞ்சா மறைக்காதீக, திட்டுங்க."

கடைசியாக ஒன்று சொன்னாள். அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். "பழசை நிறுத்தாதீக. பழசும் புதுசும் சேந்தே ஓடட்டும். ரெண்டும் வேற வேற சொன்னாப் பழசை நம்புங்க. உசிரை இதுல ஏத்தாதீக."

அவள் சொன்னதைக் கொஞ்சம் திருத்தி அப்படியே எழுதினேன். மென்பொருள் பற்றி இதைவிட நேர்மையான குறிப்பை நான் இதுவரை படிக்கவில்லை. விக்னேஷ் அதை வெட்டினார். அச்சாகி வந்தபோது, 'தொடக்கத்தில் சிறு தடங்கல்கள் நேரலாம், ஒத்துழைப்பு நல்கவும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. மீதி இடத்தில் கைகூப்பி நிற்கும் ஒரு பெண்ணின் படம்.

அவள் சொன்ன 'பழசு' எது என்று சொல்ல வேண்டும். அந்த ஆலையில் மதியச் சாப்பாட்டுக்கும் மாலை வேலை முடியும்போதும் கருப்பசாமி வாசலருகே ஒரு கல் மேல் ஏறி நின்று ஒவ்வோர் அறையாகக் கூப்பிடுவார். "ஏழாம் ரூம், எத்தனை பேரு?" உள்ளிருந்து வந்தவர்கள் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். காலையில் போன எண்ணிக்கையும் இப்போது வந்த எண்ணிக்கையும் சேராவிட்டால் யாரும் வெளியே போக முடியாது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட முடியாது. ஆள் கூப்பிடுவது என்று அதற்குப் பெயர். பெண்கள் அலுத்துக்கொள்வார்கள், கேலி பேசுவார்கள், ஆனாலும் நிற்பார்கள்.

செயலியைக் காட்டுவதற்கு ஆலை முதலாளியின் சிவகாசி அலுவலகத்துக்கு விக்னேஷ், சங்கரி, நான் மூவரும் போனோம். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அன்று வடக்கிலிருந்து வந்த வியாபாரிகளுக்குப் புதுப் பட்டாசு ஒன்றை வெடித்துக் காட்டிவிட்டு வந்திருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். தட்டு நிறையச் சேவும் சீரணி மிட்டாயும் வந்தன.

"முதல்ல காட்டுறது உசந்த சரக்கா இருக்கணும் தம்பி," என்றார் விக்னேஷிடம். "இருக்குறதுலயே கைதேந்த ஆளைப் போட்டு அதைச் செய்வோம். அதைப் பாத்துத்தான் ஆர்டர். பெறகு லோடு போறப்ப முன்னப்பின்ன இருக்கும். தொழில்னா அப்படித்தான். நீங்களும் முதல்ல எனக்குத்தான் கொண்டாந்திருக்கீக. அதுலயே தெரியுது, எம்புட்டு உசத்தியாச் செஞ்சிருப்பீகன்னு."

விக்னேஷ் சிரித்துத் தலையாட்டினார். சங்கரி சேவுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எங்க தொழில்ல தலைகீழு அண்ணாச்சி. மொதல்ல வர்றதுதான் இருக்குறதுலயே மோசம்."

மேசைக்கு அடியில் விக்னேஷின் கால் என் கால் மேல் விழுந்தது. அவளை மிதிக்க நினைத்திருப்பார்.

"அப்ப மோசமானதை எதுக்கும்மா எனக்குக் கொண்டாந்த?" அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"அடிச்சுப் பாத்துச் சொல்லுறதுக்கு. நம்புறதுக்கு இல்ல. ஆள் கூப்பிடுறதை மட்டும் நிறுத்திராதீக."

"பாத்தியா தம்பி, உன் சரக்கை நீயே கொறைச்சுப் பேச ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வச்சிருக்க. இதுவும் ஒரு சாமர்த்தியம்தான்," என்றார் அவர். அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஆயுள் முழுக்க முதல் சரக்கை உயர்த்தியே கொடுத்துப் பழகிய மனிதருக்கு, ஒருவன் மோசமானதை முதலில் கொண்டுவந்து நீட்டுவான் என்பது மூளையில் ஏறவே இல்லை. அடுத்த வாரமே ஆள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அவரை வெறும் அப்பாவி ஆக்கிவிடுவேன். ஆள் கூப்பிடும்போது, "ஏழு பேரு" என்று பெண்கள் சத்தமாகச் சொல்வார்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேர் என்பது சாலை வரை கேட்கும். திரை சத்தம் போடாது. சோதனைக்கு வரும் அதிகாரிக்குத் திரையைக் காட்டலாம். எல்லா அறையிலும் நான்கு என்று பச்சையாக இருக்கும். விக்னேஷ் இந்த வசதியைச் சொல்லித்தான் விற்றார். ஆளை எண்ணுவதற்கென்று செய்த பொருளை, சட்டத்தை ஏமாற்றுவதற்கென்று விற்றார்கள், வாங்கினார்கள். இரண்டு தரப்புக்கும் லாபம். நடுவில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஏழு பேர் வேலை செய்யும் அறைக்கு நான்கு எப்படி வந்தது என்பதைச் சங்கரியும் நானும் நேரில் பார்த்தோம். தீபாவளி சீசன். சொல்லாமல் போயிருந்தோம். ஏழாம் அறைக்கு எதிரே, கருவி இருந்த கல்தூணை ஒட்டிய வேப்பமர நிழலில் போர்மேன் குருசாமி உட்கார்ந்திருந்தார். கையில் எல்லாத் தொழிலாளிகளின் அட்டைகளும். சரவெடி கட்டும் நூலில் வரிசையாகக் கோத்திருந்தார். எத்தனை அட்டையைக் காட்டினால் கருவி அலறாதோ அத்தனையை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். விரல் அவ்வளவு பழக்கத்தோடு ஓடியது. முதல் வாரம் கருவி அலறிக்கொண்டே இருந்ததாம். அதன் வாயில் துணியை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு இந்த வழி.

அந்த நேரம் மாரியம்மாள் என்ற தொழிலாளி தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். அவர் கழுத்தில் மட்டும் எப்படியோ அட்டை கிடந்தது. கருவி அதை ஐந்தாவது ஆளாகப் படித்து அலறியது. குருசாமி எழுந்து அவர் பிடரியில் ஓங்கி அடித்தார். தண்ணீர்ச் செம்பு உருண்டு ஓடியது.

"உன்னைய யாருடி கழுத்துல மாட்டச் சொன்னா?"

சங்கரி பாய்ந்து நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்து அட்டைகள் மண்ணில் சிதறின. குருசாமி அவள் பின்னலைப் பிடித்து முறுக்கிக் குனியவைத்தார். நான் நடுவில் போனேன். என் உதடு கிழிந்தது, யார் கை பட்டது என்று தெரியாது. அறைக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். எல்லோர் கையும் முழங்கை வரை மருந்து.

"ஏலே குருசாமி, கையை எடு. எங்க கையை உம்மேல வச்சா நீ எரிஞ்சு போவ," என்றார் ஒரு பெண். குருசாமி பின்னலை விட்டுவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நாங்கள் நல்லவர்களாக வீடு திரும்பியிருப்போம். மாரியம்மாள் பிடரியைத் தடவிக்கொண்டே குனிந்து மண்ணிலிருந்த அட்டைகளைப் பொறுக்கினார். பொறுக்கி, அறுந்த நூலை முடிந்து, திரும்பக் கோத்தார். சங்கரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏங்கக்கா கோக்குறீக?"

"ஆளுக்கொரு அட்டையைக் காட்டுனா நாலு பேருக்குத்தான் வேலை. மிச்ச மூணு பேரு வீட்டுக்குப் போகணும். எவளைப் போகச் சொல்லுற? உங்க மிசினு எங்களை எண்ணுறதுக்கு வந்துச்சா, வெளிய தள்ளுறதுக்கு வந்துச்சா?"

பேருந்தில் ஏறித் திரும்பினோம். சிவகாசி தாண்டியதும் சொன்னாள்: "போனைத் தண்ணியில போட்டுப் பாத்தேன், ஒயரைப் புடுங்கிப் பாத்தேன். ஒரு பொம்பளை வயித்துப்பாட்டுக்காக இதை ஏமாத்துவான்னு நாம சோதிக்கவே இல்லையேலே."

மறுநாள் அவள் விக்னேஷிடம் கேட்டது இரண்டு. அலறலை எடுத்துவிட வேண்டும். அதிகாரிக்குக் காட்டும் பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் எல்லோரும் தங்கள் அட்டையைக் காட்டுவார்கள். "மொதல்ல ஆளை எண்ணட்டும் சார். விதியைப் பெறகு எண்ணிக்கலாம்." அதுவரை ஆள் கூப்பிடுவதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அண்ணாச்சியிடம் பேச வேண்டும். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். வேலையாட்கள் அல்லாதவர்கள், நம்மைப் போல வந்துபோகிறவர்கள், உள்ளே போனால் செயலிக்குத் தெரியாது.

"அதெல்லாம் அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்," என்றார் விக்னேஷ். "அந்தப் பக்கத்தை எடுத்துட்டா வாங்க ஆளே இருக்காது. உனக்கு எதைப் பாத்தாலும் சாவுதான் தெரியுது சங்கரி."

"எனக்கு ஒரு காதுதான் கேக்கும். உங்களுக்கு ரெண்டும் நல்லாக் கேக்குதுல்ல? சீசன்ல வாரம் ஒரு பக்கம் வெடிக்குதே, அது எந்தக் காதுல விழுது?"

அவர் கதவைக் காட்டினார். அவள் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்க்க அவளாகவே போகத் தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர் காபி கொடுத்து அனுப்பினார்.

கடைசியாகப் போன நாளில் நடந்ததை மாரியம்மாள் சொல்லித்தான் தெரியும். அரசு மருத்துவமனையில் குப்புறப் படுத்தபடியே சொன்னார். முதுகில் தோல் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் குருசாமி வழக்கம்போல நூலிலிருந்த அட்டைகளையெல்லாம் இழுத்து 'வெளியே' என்று காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். திரையில் அறை காலியானது. உள்ளே பெண்கள் வேலையை நிறுத்தவில்லை. கூலி உருப்படிக் கணக்கு. சீசனில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் கூப்பிட்ட காலத்தில் வெளியே வந்தே தீர வேண்டும். இப்போது வரச் சொல்ல யாரும் இல்லை.

அண்ணாச்சி அன்று ஆலையில் இருந்தார். அவரைப் பார்க்கப் போன சங்கரி, போகிற வழியில் இதைக் கண்டாள்.

"வாசல்ல வந்து நின்னா," என்றார் மாரியம்மாள். "சாப்பிட வாங்கக்கா, எந்திரிங்கன்னா. இந்தா, இந்தக் கட்டை முடிச்சுட்டு வாறோம், நீ சாப்பிட்டியான்னு கேட்டேன். மிசினு நீங்க வெளிய இருக்கீகன்னு சொல்லுதுக்கா, அதையாவது நெசமாக்குங்கன்னு சொல்லிச் சிரிச்சா. எங்களுக்கும் சிரிப்பு வந்துருச்சு. நாங்க நாலு பேரு தூக்கை எடுத்துக்கிட்டு மொதல்ல வெளிய வந்தோம். பின்னாடி ஒருத்திக்குக் கால் மரத்துப்போச்சுன்னு அவ உள்ள போயிக் கையைக் குடுத்தா."

அவ்வளவுதான். வெடித்ததற்குக் காரணம் உராய்வு என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது ஐந்தாம் அறையும் பற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி போனைக் காட்டி, ஏழாம் அறை காலி, ஐந்தைப் பாருங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. திரையை நம்பினார். உயர்ந்த சரக்கு அல்லவா. கருப்பசாமி ஒரு வீரரின் சட்டையைப் பிடித்து ஏழாம் அறைக்கு இழுத்துக்கொண்டு போனபோது நேரம் கடந்திருந்தது. அதற்கு முன் தகரத்துக்கு அடியில் ஒரு முனகல் கேட்டதாக அவர் இன்றும் சொல்கிறார். அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று பெண்களும் சங்கரியும் அங்கே கிடந்தார்கள். அவள் கை இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்தபடி இருந்தது. பிணவறையில் இரண்டையும் பிரிக்க வேண்டியிருந்தது.

செயலியின் கணக்குப்படி சங்கரி அங்கே போகவே இல்லை. அடுத்த வெர்ஷனில்தான் அவள் உள்ளே இருந்திருப்பாள்.

அவள் வீட்டு முன்னால் விக்னேஷ் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார். சங்கரியின் படம், 'எங்கள் குடும்பத்தில் ஒருத்தி' என்ற வாசகம், கீழே நிறுவனத்தின் பெயரும் சின்னமும். பாண்டியம்மாள் அதைப் பார்த்தார். எழுந்து போனார். சட்டத்தோடு சாய்த்துக் கீழே தள்ளினார். ஆணி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் வழியவழிய அந்தப் பெயர் இருந்த பகுதியை மட்டும் கையால் பிய்த்தார்.

"எம்புள்ள மூஞ்சிக்குக் கீழ உங்க கம்பெனிப் பேரு எதுக்கு? அவ என்ன நீங்க அடிச்ச லேபிளா?"

விக்னேஷ் காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஒரு கூட்டம் போட்டார். வந்துபோகிறவர்களையும் எண்ணும் வசதி தயாராகிவிட்டது, அதற்குச் சங்கரியின் பெயரையே வைக்கலாம் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. நான் மட்டும், அந்தப் பெயர் வந்தால் பாண்டியம்மாளை இங்கே அழைத்து வருவேன் என்றேன். பெயர் வைக்கும் பேச்சு நின்றது. வசதி மட்டும் ஆலைகளுக்குப் போனது.

அவளிடமிருந்து எதை எடுத்து வைத்திருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கோபம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கோபம் எனக்கு முன்பே இருந்தது, இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது தனியாக யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு நிபந்தனை. சோதனைப் பதிப்பை எந்த ஆலைக்குக் கொண்டுபோனாலும், அங்கே ஆள் கூப்பிடுவது நடக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லையென்றால் பெட்டியைப் பிரிப்பதில்லை. நடக்கிறது என்றால், அது நடக்கும்போது அங்கேயே நிற்கிறேன். விக்னேஷ் என்னை எத்தனை நாள் வைத்திருப்பார் என்று தெரியாது.

சென்ற வாரம் தாயில்பட்டியில் ஓர் ஆலை. அங்கே ஆள் கூப்பிடுகிறவர் ஒரு பெண். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நான் ஓரமாக நின்றேன்.

"யாருடி இவன், வாயைப் பாத்துக்கிட்டு நிக்கான்?"

"மாப்பிள்ளையா இருக்கும். எண்ணி முடிச்சதும் மிஞ்சுற ஆளைக் கட்டிக்கிட்டுப் போவான்."

"அப்படின்னா ஒரு ஆளைக் கொறைச்சே சொல்லுங்கடி."

சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஒவ்வோர் அறையாகக் கூப்பிட்டார். ஆறு என்றார்கள், ஐந்து என்றார்கள், ஏழு என்றார்கள். பயப்படாமல் சொன்னார்கள். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"நான் ஆலை ஆள் இல்லக்கா. சும்மா பாக்க வந்தேன்."

"கேட்டுக்கு உள்ளதான நிக்க?"

"ஆமாக்கா."

"அப்ப நீயும் ஒரு ஆளுதான். சத்தமாச் சொல்லு. உனக்காக இம்புட்டுப் பேரு சோத்தைத் திறக்காம நிக்கோம்."

ஒன்று என்று சொன்னேன். கேட்கவில்லை என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன்.